வலது கைப் பட்டன்

"முழுக்கைக்குக் கஃப் எந்த மாதிரி வெக்கட்டுங்க? ரவுண்டா, சதுரமா, மூலை வெட்டுனதா?" என்று டெய்லர் ஜேசுதாஸ் கேட்டார்.

"பட்டன் இல்லாதது," என்றார் நல்லமுத்து.

"பட்டன் இல்லாட்டி அதுக்குப் பேரு கஃப் இல்லீங்க ரைட்டரே, ஜிப்பா."

நாகலூர் எஸ்டேட்டில் அத்தனை ஆட்களையும் கட்டி மேய்க்கிற ரைட்டர் நல்லமுத்துவுக்கு, தன் சட்டையின் வலது கைப் பட்டனை மேய்க்கத் தெரியாது. இடது கைப் பட்டனை வலது கை சட்டென்று போட்டுவிடும். வலது கைக்கு வந்தால் இடது கை விரல்கள் சண்டிமாடாகப் படுத்துக்கொள்ளும். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி மருதாயிதான் மாட்டிவிடுவாள்.

"பட்டன் போடத் தெரியாத ஆம்பளைக்கு எங்கப்பன் என்னைக் கட்டிக் குடுத்துட்டாரு," என்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பாள். உப்பு தீர்ந்தது, ஓடு ஒழுகுவது, தனக்கு நெஞ்சு கரிப்பது, எல்லாவற்றையும் அப்போதுதான் சொல்வாள். அவர் பாதிக்கு உம் கொட்டிவிட்டு, தோட்ட வேலைக்கு ஆள் எடுக்க ஓடிவிடுவார்.

போன மார்கழியில் மருதாயி போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து மகள் ஹரிணி மாட்டிவிட்டாள். இப்போது ஹரிணிக்கு ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை வேலையில் சேரவேண்டும். அவளோ நகர மாட்டேன் என்கிறாள்.

"ஒரு சட்டை போட்டுக்கத் தெரியலீங்க உங்களுக்கு. தனியா உட்டுட்டு நான் எப்படிங்கப்பா போறது?"

"அரைக்கை போட்டுக்கறேன் சாமி."

"இந்தக் குளுருலயா? அம்மா ஒரு நாளாச்சும் உங்கள அரைக்கையில அனுப்புனாங்களா?"

அதனால்தான், இத்தனை வருஷமும் மருதாயி மட்டுமே துணி கொடுத்து வாங்கிய கடைக்கு முதல் தடவையாக அவரே வந்து நிற்கிறார்.

ஜேசுதாஸ் யோசித்து, பிரஸ் பட்டன் வைத்துக் கொடுத்தார். அழுத்தினால் மூடிக்கொண்டது. கையை மடக்கினால் திறந்துகொள்ளும் என்பது எஸ்டேட் ஆபீசில்தான் தெரிந்தது. இறந்துபோன பழைய மேனேஜருக்காக எல்லாரும் மௌனமாக நின்றிருந்தார்கள். படத்தைக் கும்பிட நல்லமுத்து கையெடுத்தார். 'டப்' என்றது சட்டை. யாரோ சிரித்துவிட்டார்கள். சிரித்தவர்களை விட்டுவிட்டு, புது மேனேஜர் இவரைத்தான் முறைத்தார்.

"வெல்க்ரோ வெச்சர்லாமுங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஷூவுல ஒட்டுமே, அதுதான். புடிச்சா உடாது," என்றார் ஜேசுதாஸ்.

பிடித்தது, விடவில்லை. ஏற்காடு பஸ்ஸில் முன் சீட்டு அம்மாளின் கம்பளிச் சால்வையைப் பிடித்துக்கொண்டது. வளைவில் பஸ் திரும்ப, அந்த அம்மாளும் திரும்பினாள்.

"ஏனுங்க, வயசான காலத்துல இது என்னங்க வேலை?"

"கை இல்லீங்கம்மா, கஃப்புங்க!"

பஸ்ஸில் ஒருவரும் நம்பவில்லை. அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கி, தூறலில் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

மூன்றாவதாக எலாஸ்டிக். அன்று சாயங்காலம் ஹரிணி அவர் கையைப் பார்த்தாள். மணிக்கட்டைச் சுற்றிப் பள்ளம் விழுந்து, விரல்கள் வீங்கி இருந்தன. சட்டையைக் கழற்றி, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள். பிறகு ஓசூருக்காகக் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்து, துணிகளைத் திரும்ப பீரோவில் அடுக்க ஆரம்பித்தாள்.

"வேலை வேண்டாமுன்னு போன்ல சொல்லிப்போடறனுங்கப்பா."

தாயைப் பறிகொடுத்த பிள்ளை. அதன் பிழைப்பையும் ஒரு பட்டனால் கெடுப்பதா? நல்லமுத்து கொல்லைப்பக்கம் போய், காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறு கண்ணு."

மறுநாள் கடை திறக்குமுன்பே வாசலில் நின்றார்.

"சாதா கஃப்பே வெச்சுக் குடு ஜேசுதாஸு. மாட்டிக்கக் கத்துக்கறேன். வேற வழியில்ல."

ஜேசுதாஸ் அதே சட்டைக்குப் புதுக் கஃப் தைத்தார். பட்டன் நுழைகிற துளையை, அவர்கள் பாஷையில் காஜாவை, எடுப்பது லூர்துசெல்வியின் வேலை. காஜா இல்லாத கஃப்பாகவே போய்க்கொண்டிருந்ததால் இத்தனை நாளும் அவளைக் கூப்பிடவில்லை. இன்று வந்து, மூலையில் உட்கார்ந்து, ஊசியும் நூலுமாகக் காஜா எடுத்துக் கொடுத்தாள்.

நல்லமுத்து சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இடது கை விரல்களால் வலது கைப் பட்டனைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு தள்ளினார்.

நுழைந்துவிட்டது.

கழற்றிவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் நுழைந்தது. உடனே போனை எடுத்தார்.

"கண்ணு, பையக் கட்டு! எனக்குப் பட்டன் போட வந்துருச்சு!"

சிரித்துக்கொண்டேதான் போனை வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

"நொம்பச் சுளுவா இருக்குது ஜேசுதாஸு. இது தெரியாம அந்தப் புண்ணியவதிய தினம் தினம் இம்சை பண்ணிட்டேன். நெஞ்சு வலியோட கூட வந்து மாட்டி உட்டா. ஒரு நாள் ஒழுங்கா நானே போட்டுப் பாத்திருந்தா, அந்த வேலையாச்சும் அவளுக்கு மிச்சமாயிருக்கும்."

ஜேசுதாஸ் அளவு நாடாவைச் சுருட்டினார். மூலையில் இருந்த லூர்துசெல்வி பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"உங்க விரல் மேல குத்தமில்லீங்கண்ணா. வலது கைக் காஜாவ மட்டும் பட்டன் லேசுல நுழையாத மாதிரி இறுக்கி எடுத்துக் குடுன்னு மருதாயி அக்காதானுங்க சொல்லுவாங்க, 'அந்த மனுசன் எம்பக்கத்துல நிக்கறதே அந்த ஒரு நேரந்தான்'னு."