காலாவதியாகிற பாயிண்டும் கலியபெருமாள் மாமாவும்

காசு விஷயத்தில் கஞ்சனாக இருப்பவனை ஊர் ஒருவழியாக மன்னித்துவிடும். நான் காசு கொடுத்தே வாங்காத ஒன்றில் கஞ்சனாக இருந்தவன். விமானக் கம்பெனிக்காரன் சும்மா போட்ட பாயிண்டில். இதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

வில்லியனூரில் குடியிருக்கிறேன். மாத்திரை பேக்கிங் செய்யும் மெஷின்களை ரிப்பேர் பார்ப்பது என் வேலை. கம்பெனி செலவில் கவுஹாத்திக்கும் டெல்லிக்கும் பறப்பேன். பாயிண்ட் மட்டும் என் பெயரில் சேரும்; போதுமான அளவு சேர்ந்தால் டிக்கெட்டே இலவசம். என் மாமனார் கலியபெருமாளுக்கு மடுகரையில் கரும்பு விவசாயம். மடையைத் திருப்பும்போது தலைக்கு மேல் விமானம் போனால், தண்ணீர் வரப்பைத் தாண்டுவதுகூடத் தெரியாமல் அண்ணாந்து நிற்பார். ஒரு பொங்கலன்று, வயிறு நிறைந்த மயக்கத்தில், "பாயிண்ட்லயே உங்கள ப்ளைட்ல கூட்டிக்கினு போறேன் மாமா, பைசா செலவில்ல" என்று சொல்லிவிட்டேன். மறு வாரமே அவர் தன் ஆதார் அட்டையை லேமினேட் செய்து காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார். டீக்கடை வரைக்கும் சேதி போய்விட்டது.

அடுத்த பொங்கல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பெங்களூருக்காவது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்களேன் என்பாள் என் மனைவி கலை. குறைந்த தூரத்துக்குப் பாயிண்டைச் செலவழிப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அவளுக்கு வகுப்பெடுப்பேன். (பாவம், பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.) டெல்லி டிக்கெட் விலை இறங்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். பாயிண்ட் காலாவதியாகாமல் இருக்க வருடத்துக்கு ஒருமுறை, அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் ஆன்லைன் கடையில் எதையாவது வாங்குவேன். அப்படி வந்து சேர்ந்த துண்டுகள் இன்னும் பீரோவில் பிரிக்காமல் கிடக்கின்றன.

இதற்கிடையில் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்தது. புதுச்சேரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். நான் ஒரு நாள் உடன் இருந்துவிட்டு, மெஷின் நின்றுவிட்டது என்று கவுஹாத்திக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு அனுப்பும்போது மாமா டாக்டரிடம் கேட்ட ஒரே கேள்வி, விமானத்தில் போகலாமா என்பதுதானாம். கொஞ்ச மாதம் போகட்டும், அப்புறம் தாராளமாகப் போகலாம் என்றாராம் டாக்டர்.

அவர் வீடு திரும்பிய மறுநாள் காலை என் போனில் சேதி வந்தது: உங்கள் பாயிண்ட் இன்றோடு காலாவதி. மூளை இருக்கிறவன் அந்த நிமிடமே, சில மாதம் கழித்துப் போகிற மாதிரி மாமாவுக்கு ஒரு டிக்கெட் போட்டிருப்பான். நான் ஆப்பைக் குடைந்தேன். துண்டு வாங்கினால் காசு போகும். பூ மட்டும் பாயிண்டுக்கே கிடைத்தது, அன்றைக்கே டெலிவரி. உடம்பு தேறி வந்தவருக்குப் பூ அனுப்பினது மாதிரியும் ஆச்சு, மீதிப் பாயிண்டும் பிழைக்கும். இருப்பதிலேயே குறைந்த பாயிண்டுக்கு, வெள்ளைப் பூவாக, வட்டமாக ஒன்று இருந்தது. அமைதி என்று பொருள்படும்படி ஏதோ ஒரு ஆங்கிலப் பெயர். படம் நகத்தளவு. அமுக்கிவிட்டு மெஷினுக்குள் தலையை விட்டேன்.

மடுகரையில் நடந்தது, அப்பாவைப் பார்த்துக்கொள்ள அங்கே போயிருந்த கலை சொல்லித்தான் எனக்குத் தெரியும். பூ வண்டி டீக்கடையில் நின்று, கலியபெருமாள் வீடு எது என்று கேட்டிருக்கிறது. வண்டியில் இருந்தது மலர்வளையம். மந்திரி வந்து வைப்பாரே, அந்த ரகம். நேற்றுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மனிதர். டீக்கடைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒருவர் ஷாமியானா கடைக்கு போன் போட்டுவிட்டார். வண்டிக்குப் பின்னால் தெருவே நடந்து வந்தது. இரண்டு பெண்கள் வாசலிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள்.

உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்த மாமா, யாருக்கு என்ன ஆனதோ என்று பதறி, கையைக்கூடக் கழுவாமல் வந்து கதவைத் திறந்தார். ஒப்பாரி பாதியில் நின்றது. பூ கொண்டுவந்தவர் கலியபெருமாள் யார் என்று கேட்க, "நான்தாம்பா" என்று முன்னால் போய், தன் மலர்வளையத்தைத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

சீட்டில் அனுப்பியவர் யார் என்று பார்த்த மாமியார் அன்று முழுக்க என் பெயரை எடுக்கவில்லை. வீடியோ காலில் மாமாதான் வந்தார், மடியில் வளையத்தோடு.

"இன்னா மாப்ள, டாக்டரு ஒண்ணும் இல்லன்றாரு. உங்களாண்ட வேற எதுனா சொன்னாரா?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

மறுநாள் ஆப்பைத் திறந்தால் பாயிண்ட் பூஜ்யம். கஸ்டமர் கேரில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினார்: புதிதாகப் பாயிண்ட் சேர்த்தால்தான் பழையதற்குக் கெடு நீளுமாம், செலவழித்தால் நீளாதாம். ஒரு துண்டு வாங்கியிருந்தால் போதும், எல்லாம் பிழைத்திருக்கும்.

ஊர் திரும்பியதும் நேராக மடுகரைக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். வளையத்துக்குச் சிரித்த மனிதர் இதற்குச் சிரிக்கவில்லை. எழுந்து போய், காலண்டருக்குப் பின்னாலிருந்த ஆதார் அட்டையை எடுத்து, தோள்துண்டால் துடைத்து, பீரோவில் வைக்கச் சொல்லி மாமியாரிடம் கொடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். காசு கொடுத்தே டிக்கெட் போடுகிறேன் மாமா என்றேன்.

"அத்தினி காசுக்கு போர் மோட்டாரையே மாத்திடலாம். வேணாம் மாப்ள" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

இப்போது அவர் நன்றாக இருக்கிறார். நான் பூஜ்யத்திலிருந்து மறுபடி பாயிண்ட் சேர்க்கிறேன். இந்த முறை பெங்களூருக்குச் சேர்ந்தாலே போதும். பூவெல்லாம் வாடி உதிர்ந்த பிறகு, உள்ளே இருந்த வைக்கோல் வளையத்தை மாமியார் எறியவில்லை. சோற்றுப்பானை ஆடாமல் நிற்க அடியில் பிரிமணையாக வைத்துக்கொண்டார். நான் அங்கே சாப்பிட உட்காரும்போதெல்லாம், விருந்தாளிகள் இருந்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக, மாமா அடுப்படியைப் பார்த்துச் சொல்வார்:

"மாப்ளைக்கு சோறு போடு. பானைய பாத்து எறக்கு, என் ப்ளைட்டு அதுங்கீழதான் நிக்குது."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தபடி இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.