பாடப்பிழை மாஸ்டர் படித்த முதுமாணி

பரீட்சையில் கோட்டை விட்ட பிள்ளையின் வீட்டுக்குப் போய், தாய் தகப்பனிடம் மன்னிப்புக் கேட்ட வாத்தியார் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான் இருந்தார். பரீட்சைப் பெறுபேற்றைச் சாதகத்துக்கு மேலாக மதிக்கிற ஊரில் இது லேசுப்பட்ட காரியமல்ல. "பிள்ளையிலை பிழையில்லை. பாடம் பிழை" என்பார். இதைச் சொல்லிச் சொல்லியே சொந்தப் பெயர் உதிர்ந்துபோய், பாடப்பிழை மாஸ்டர் ஆனார்.

வகுப்பறைக்கு வெளியிலும் அவருக்கு இதே பார்வைதான். தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருநாள் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டார். மாஸ்டர் கோபிக்கவில்லை. இரண்டு போத்தலும் ஒரே மாதிரி இருப்பதுதான் குற்றம் என்று சொல்லி, உப்புப் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டிவிட்டு வந்தார். அடுத்த நாள் போனால், கடைக்காரர் அதைக் காப்புநூல் என்று நினைத்து மற்றப் போத்தலுக்கும் ஒன்று கட்டியிருந்தார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு பாடத்தை எப்படி வடிவமைப்பது என்பதையே பாடமாகப் படிப்பிக்கும் முதுமாணிப் பட்ட வகுப்பு ஒன்று பல்கலைக்கழகத்தில் ஆரம்பமாகப் போவதாகச் சொன்னார்கள். வார இறுதிகளில் நடக்கும். வேலையிலிருக்கும் ஆசிரியர்கள் படிக்கலாம். நான் கோப்பாய்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். நானும் மாஸ்டரும் ஒன்றாகவே விண்ணப்பித்தோம்.

நேர்முகத்தில் அவரிடம் கற்றல் என்றால் என்ன என்று கேட்டார்களாம். பாடமாக்கியதைச் சொல்லவா, நினைப்பதைச் சொல்லவா என்று இவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். நினைப்பதைச் சொல்லும்படி சொன்னார்கள். இவர் நினைக்கத் தொடங்கினார். அவர்கள் இன்னும் இரண்டு பேரை விசாரித்து முடித்தும் இவர் அதே கதிரையில் முகட்டைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் பொறுமையிழந்து கேட்டபோது சொன்னது இதுதான்:

"தெரியேல்லை, சேர். தெரிஞ்சால் ஏன் உங்களிட்டை வாறன்?"

எடுத்துவிட்டார்கள்.

வகுப்புகள் அந்தக் காலத்துக்கே உரிய மாதிரி நடந்தன. பாடப் படங்களைச் சுவரில் ஒளியாகப் பாய்ச்சிக் காட்டும் கருவியைப் பற்றி ஒரு விரிவுரை. போர் தொடங்கியபின் ஊரிலே மின்சாரம் இல்லை. விரிவுரையாளர் பாவம், கரும்பலகையில் அந்தக் கருவியைப் படமாகக் கீறி, இது விளக்கு, இது கண்ணாடி என்று விளங்கப்படுத்தினார். மாஸ்டர் எழும்பி, அதை ஒருக்கால் போட்டுக் காட்டமுடியுமா என்று மிகப் பணிவாகக் கேட்டார். அவர் பகிடி விடவில்லை என்று விரிவுரையாளருக்கு விளங்க ஒரு தவணை எடுத்தது.

இறுதி வேலையாக ஒவ்வொருவரும் ஒரு பாடத்தை வடிவமைத்து, உண்மையான பிள்ளைகளிடம் பரிசோதித்துப் பார்க்கவேண்டும். நான் ஒளித்தொகுப்பு எடுத்தேன். மாஸ்டர் பங்கரை எடுத்தார்.

உரும்பிராயில் என் மகள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தின் வளவில், பொம்மர் விமானங்களின் குண்டுவீச்சுக்குப் பயந்து பங்கர் என்கிற பதுங்குகுழி ஒன்று வெட்டியிருந்தார்கள். அதற்குள் போகும் முறையைச் சுவரில் எழுதி ஒட்டியும் இருந்தார்கள். பதற்றமடையாது, ஆசிரியரின் அறிவுறுத்தலுக்கமைய, வரிசையாக என்று நீண்டுகொண்டே போகும். மாஸ்டர் அதன் முன்னால் நின்று தலையில் கைவைத்தார். "ஆண்டு ஒண்டுப் பிள்ளை உதை வாசிச்சு முடிக்க, பொம்மர் குண்டைப் போட்டிட்டுத் திரும்பிப் போயிடும்."

பாடத்திட்டத்தில் இல்லாத பாடத்தை எப்படி ஏற்பது என்று விரிவுரையாளர் தயங்கினார். பொம்மரும் பாடத்திட்டத்தில் இல்லை என்று மாஸ்டர் நினைவூட்டினார்.

அவருடைய பாடம் மூன்றே சொல்: பிடி, ஓடு, குந்து. பக்கத்தில் நிற்கிறவரின் கையைப் பிடி, பங்கருக்கு ஓடு, உள்ளே குந்து. முதல் ஒத்திகையில் பிள்ளைகளின் பயம் போகட்டும் என்று உள்ளே வறுத்த கச்சான் கடலை வைத்தார். பயம் போனது, பிள்ளைகள் வெளியே வர மறுத்துவிட்டார்கள். அடுத்த கிழமை தபால்காரரின் மோட்டார்சைக்கிள் சத்தத்துக்கும் பங்கருக்குள் பாய்ந்தார்கள். மாஸ்டர் சந்தோசமாகப் பாடம் பிழை என்று அறிவித்து, கச்சானை நிற்பாட்டி, திருத்தித் திருத்தி நடத்தினார். கடைசியில் பிள்ளைகள் மூச்சு விடுவதுபோல் அதைச் செய்தார்கள்.

ஒருநாள் காலை, நான் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது பொம்மர் வந்தது. குண்டு எங்கள் ஊர்ப்பக்கம் விழுந்த சத்தம். சைக்கிளை எப்படி மிதித்தேன் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தின் பின்னாலிருந்த வாழைத்தோட்டத்தில் விழுந்திருந்தது. ஓடுகள் நொறுங்கிக் கிடந்தன. வளவில் ஒருவரும் இல்லை.

பங்கருக்குள்ளிருந்து பிள்ளைகளின் குரல் கேட்டது. குனிந்து பார்த்தேன். வாசலோடு பாடப்பிழை மாஸ்டர் குந்தியிருந்தார், உடம்பெல்லாம் செம்மண். அவருடைய கையைப் பிடித்தபடி என் மகள்.

நடந்ததை மகளின் வகுப்பு ரீச்சர்தான் சொன்னார். பொம்மர் தாழப் பதிந்தபோது பிள்ளைகள் எல்லாம் சோடி சோடியாக ஓடிவிட்டார்கள். ஒத்திகைக்கு வந்திருந்த மாஸ்டர் மட்டும் முற்றத்தின் நடுவில் வானத்தைப் பார்த்து உறைந்துபோய் நின்றார். என் மகளின் சோடிப் பிள்ளை அன்று வரவில்லை. பங்கர் வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். வெளியே ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாடம் பிழை" என்றார். "வாத்தி பயந்தால் என்ன செய்யிறதெண்டு நான் யோசிக்கேல்லை. உம்மடை பிள்ளை எனக்காக வெளியிலை வந்தது."

அவரை அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க அவள் என் மடியை விட்டு இறங்கவில்லை, நான் இறக்கவுமில்லை.

சில மாதங்களின் பின் வாய்மொழிப் பரீட்சை. எங்கள் வகுப்பில் ஒருவர் பதில் சொல்லும்போது மற்றவர்களும் இருந்து கேட்கலாம். என் ஒளித்தொகுப்பு சுகமாக முடிந்தது. பிறகு மாஸ்டரின் முறை. பரிசோதனை வெற்றியா தோல்வியா என்று கேட்டார்கள். எல்லோரும் வெற்றி என்றே சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் அவர், "தோல்வி, சேர். ஒரு பிள்ளை திரும்பி வெளியிலை வந்தது" என்றார். வாய் ஓயாத மனிதர், கைலேஞ்சியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நான் எழும்பினேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

"அது என்ரை மகள், சேர். பக்கத்திலை நிக்கிற ஆளின்ரை கையைப் பிடி எண்டு அவர்தான் சொல்லிக் குடுத்தவர். அவள் அதைத்தான் செய்தவள். அண்டைக்கு அங்கை நிண்ட எல்லாரும் இப்ப உயிரோடை இருக்கினம்."

பரீட்சகர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வேறு கேள்வி கேட்கவில்லை. மாஸ்டர் சித்தியடைந்தார், அதுவும் என்னைவிட நல்ல புள்ளியில்.

அன்று பின்னேரம் இருவரும் சைக்கிளில் ஒன்றாக வந்தோம். உரும்பிராய்ச் சந்தியில் அவர் தன் வீட்டுக்குப் போக வலப்பக்கம், கோப்பாய் றோட்டில் திரும்பினார். என் வீட்டுக்கு நேரே போகவேண்டும். நானும் அவரோடு வலப்பக்கம் திரும்பினேன்.