கரை மட்டும் மிஞ்சிய பட்டு வேட்டி

சோப்பு வாங்குவது பெண்கள் வேலை என்று ஒதுங்குகிறவன் வாழ்க்கையில் முன்னேற மாட்டான். நான் முன்னேறியவன். ஆகவே எங்கள் வீட்டுக்குச் சோப்பும் நானே வாங்கினேன். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பி ஹௌராவில் வந்து இறங்கியவன் நான். ஊரார் மெஸ்ஸில் அண்டா தேய்த்து, மாவாட்டி, கடைசியில் கல்கத்தா பவானிபூரில் சொந்த மெஸ் போட்டேன். மாற்றலாகி வந்த ஆபீசர்கள்கூட என் சாம்பாருக்காக டிராம் ஏறி வருவார்கள். (சாம்பாரைக் குறை சொன்ன ஒருவரைக் காட்டுங்கள், மெஸ்ஸை எழுதி வைக்கிறேன்.)

அந்த எழுபதுகளில் எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்குள் நல்ல பட்டு வேட்டி ஒரு பொதுச் சொத்து மாதிரி. ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம், இன்னொரு வீட்டில் காதுகுத்து என்றால் இருக்கிறவர் இல்லாதவருக்குக் கொடுப்பார். உடுத்திவிட்டு, சுத்தம் செய்து, மடித்துத் திருப்பித் தர வேண்டும். அதுதான் மரியாதை. அப்படிச் சுற்றிவந்த வேட்டிகளில் ராஜா, சேஷாத்ரி சாருடையது. கார்டன் ரீச்சில் ஒரு பெரிய ஆபீசில் அவர் ஹெட்கிளார்க். அந்த ஆபீஸ் கேன்டீனைக் காண்டிராக்டுக்கு விடப் போகிறார்கள், அவர் யாரைக் கைகாட்டுகிறாரோ அவருக்குத்தான் என்று பேச்சு. எனக்கு அந்தக் கேன்டீன் வேண்டும். ராத்தூக்கத்தில்கூட கரண்டியை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து அறையையும் பிடித்து மெஸ்ஸைப் பெரிதாக்கிய சமயம். அதற்கான பூஜைக்குச் சேஷாத்ரி சாரிடம் வேட்டி கேட்டேன். எடுத்துக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணு நிச்சயதார்த்தம். அதுக்கு முன்னாடி வந்துடணும், என்ன?"

"நாளைக்கே வந்துரும் சார். சலவைக் கடை தோத்துப் போகும்" என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை.)

பூஜை முடிந்து காலைப் பலகாரப் பந்தியில் நானே சாம்பார் பரிமாறினேன். முதலாளி பரிமாறினால் ஒரு கௌரவம். வாளி சாய்ந்தது. தொடையில் பாதி பவானிபூர் அளவுக்கு ஒரு கறை.

என் மனைவி கமலம் பார்த்துவிட்டு, "பூந்திக்கொட்டையை ஊறவச்சு நான் மெதுவா அலசித் தாரேன். கழட்டிக் கொடுங்க" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு வாழ்நாளெல்லாம் மல்லுக்கட்டியவன் நான். எனக்கே அழுக்கைப் பற்றிப் பாடமா?

நேரே கடைக்குப் போனேன். அப்போதுதான் பாக்கெட் பவுடர்கள் வந்து வரிசைகட்டி உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெண் சிரிக்கிறாள். விலையைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு நின்றுவிடும். நியாயமா இது? அட்டைக்கும் அந்தப் பெண்ணின் பல்லுக்கும் சேர்த்து நாமா தண்டம் அழ வேண்டும்? சலவைப் பொடி என்றால் அழுக்குப் போக வேண்டும், விலை கட்டுப்படியாக வேண்டும், துணிக்கு இதமாக இருக்க வேண்டும். அவ்வளவுதானே.

மூலையில் ஒரு சாக்கில் மஞ்சள் பொடி, பெயருமில்லை படமுமில்லை. கடைக்காரர் நிமாய்தாவிடம் அதைக் காட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்தத் துணிக்கு, தாதா?"

"பட்டு. ரேஷம்."

"ரேஷமா? நா நா. இது கடுங்காரம், கப்பல் டாக்கில் மிஷின் துடைக்கிற கந்தல் வெளுக்கிறதுக்கு. நீங்க ரீட்டா நிய்யே ஜான்."

ரீட்டா என்றால் அதே பூந்திக்கொட்டை, அதை வாங்கிக்கொண்டு போ என்கிறார். கமலம் எனக்கு முன்னால் கடைக்கு ஓடிவந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாளோ என்று சந்தேகம் வந்தது. விலை குறைந்த சாமானை விற்க மனசில்லாத வியாபாரி என்று தீர்மானித்தேன்.

ஆனாலும் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் ஆள் இல்லை. சோதித்தேன். ஒரு பிடி பொடியை உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, ஒரு பீடி குடிக்கும் நேரம் வைத்திருந்தேன். எரிச்சல் இல்லை, அரிப்பு இல்லை. வெண்ணெய் மாதிரி இருந்தது.

"பார்த்தீரா? கைக்கு இதமா இருக்கிறது துணிக்கு இதமா இருக்காதா?" என்றேன். நிமாய்தா பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

வீட்டில், அண்டா தேய்க்கிற அதே வைத்தியம்தான். கொதிக்கிற தண்ணீர், தாராளமாகப் பொடி, ஒரு வாளி. வேட்டியை அமுக்கி மூடிவிட்டு மதியப் பந்தியைக் கவனிக்கப் போனேன்.

திரும்பி வந்து வாளிக்குள் கைவிட்டால் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது, ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி. பிடித்து இழுத்தேன். ஜரிகைக் கரை வந்தது. இன்னொரு பக்கம் இழுத்தேன். இன்னொரு கரை வந்தது. இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய வேட்டி எங்கே என்று வாளியைத் துழாவினேன். தண்ணீர்தான் இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும், கறை சுத்தமாகப் போயிருந்தது.

கமலம் இரண்டு கரைகளையும் பார்த்தாள். பிறகு பொடியைப் பார்த்தாள். பிறகு என்னை.

"இதமான பொடின்னு எப்படிக் கண்டுபிடிச்சிய?"

"கையில வச்சுப் பார்த்தேன்."

"உங்க கையையா? கொதிக்கிற அண்டாவைத் துணி இல்லாம இறக்குத கையையா? அது கையா? தோசைக்கல்லுல்லா."

ஒரு மனிதன் உழைத்து உரமேறிய கையைப் பற்றிப் பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது? ஆனால் பதில் பேச நேரமில்லை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கல்கத்தாவில் ஒரே நாளில் அந்த மாதிரி வேட்டிக்கு எங்கே போவது? அலைந்து திரிந்து, வங்காளிகள் பூஜைக்குக் கட்டும் கரத் பட்டு வேட்டி ஒன்றை வாங்கினேன். அதையும் இரண்டு கரைகளையும் ஒரு தாம்பாளத்தில் வைத்து, கமலமும் நானும் சேஷாத்ரி சார் வீட்டுக்குப் போனோம்.

நடந்ததைச் சொன்னேன். அந்தப் பொடிக்காரனுடைய அயோக்கியத்தனத்தையும் விளக்கினேன். அவர் ஒரு கரையை எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தார்.

"மீதி எங்கேய்யா?"

"சாக்கடையில போயிடுச்சு சார்."

அவர் மனைவி விறுக்கென்று உள்ளே போய்விட்டார். கேன்டீன் போயிற்று என்று நினைத்தேன். (கமலம் கல் மாதிரிதான் நின்றாள்.)

ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தக் கரத் வேட்டியையே வங்காளிக் கட்டாகக் கட்டி நிச்சயதார்த்தத்தில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி பார்த்தபோது, "இந்த ஊர் சோறு தின்கிறோம், இந்த ஊர் வேட்டி கட்டினா என்ன?" என்றாராம். பெரிய மனிதர்.

கேன்டீனும் எனக்கே கிடைத்தது. ஆனால் கையெழுத்துப் போடுமுன் அவர் ஒரு நிபந்தனை சொன்னார்.

"சமையலுக்கு உன் கையை நம்பறேன். மேஜை விரிப்பு, ஆட்கள் உடுப்பு எல்லாம் வெளியில வண்ணான்கிட்டப் போகணும். நீ தண்ணியிலகூட நனைக்கப்படாது."

காண்டிராக்ட் வரலாற்றில் எந்தச் சமையல்காரனுக்காவது இப்படி ஒரு அவமானம் நடந்ததுண்டா?

இப்போது பேத்தி பிறந்திருக்கிறாள். குளிப்பாட்ட வெந்நீர் விளாவி, விரல் விட்டுப் பார்த்து, "பதமா இருக்கு, கொண்டாங்க பிள்ளையை" என்றேன். என் மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, "அம்மா, நீ வந்து பாரு. அப்பா கைக்கு வேட்டி கரைஞ்சப்பவே சுடல" என்றாள். கமலம் வந்து முழங்கையை வைத்துவிட்டு, இன்னும் ஒரு குடம் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள்.