‘அப்புறம்’ மேடமும் ‘ஆமா’ மணியும்

காபி கொடுப்பதைக்கூட சாட்சி விசாரணையாக மாற்றக்கூடியவர் இந்தச் சென்னையில் எங்கள் ‘அப்புறம்’ மேடம் ஒருவர்தான். அடையாரில் ஒரு மாடியில் அவருடைய ஆராய்ச்சி அலுவலகம். குழந்தைகளையும், மனவளர்ச்சி குன்றியவர்களையும், பயந்து போனவர்களையும் போலீஸ் எப்படி விசாரித்தால் உண்மை வரும் என்பதுதான் ஆராய்ச்சி. காபி போடுவதும் ஜெராக்ஸ் எடுப்பதும் என் வேலை.

முதல் நாள், “காபியா டீயா மேடம்?” என்றேன்.

“ரெண்டுல ஒண்ணுதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டா எப்படி? எனக்கு மோர் வேணும்னா?”

மறுநாள் உஷாராக, “என்ன வேணும் மேடம்?” என்றேன்.

“ஏதாவது வேணும்னு நான் சொன்னேனா?”

அன்று அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

எதையாவது கேட்டுவிட்டு மௌனமாகிவிடுவார். நடுவில் ஒரே சொல்: “அப்புறம்?” அந்த மௌனத்தை யாராலும் தாங்க முடியாது. ஒருமுறை ஆட்டோவில், “உங்க தொழிலப் பத்தி சொல்லுங்க” என்றார். மந்தைவெளி வருவதற்குள் டிரைவர், “மீட்டருக்கு சூடு வெச்சுக்கீறேன் மேடம், உட்டுருங்க” என்று கும்பிட்டுவிட்டார்.

“அப்புறம்?” என்றார் மேடம்.

மாடவீதியில் என் வீட்டருகே பூ கட்டும் மணி அண்ணனுக்கு நாற்பது வயது. மனசு பத்து வயதோடு நின்றுவிட்டது. யார் என்ன கேட்டாலும் “ஆமா” என்பார். திட்டு வாங்காமல் இருக்க அவர் கண்ட வழி அது. ஒருநாள் பாத்திரக்கடைக்காரரின் செல்போனைக் காணவில்லை.

“நீதான எடுத்த?”

“ஆமா.”

ஸ்டேஷனில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கோ காக்கியைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மேடத்திடம் ஓடினேன்.

மேடம் போய் மணி எதிரில் உட்கார்ந்தார். “காலையிலேர்ந்து நடந்தத நீங்களே சொல்லுங்க.”

ஃபேன் மட்டும் பேசியது. ஏட்டு நெளிந்தார். “அதான் ஒத்துக்கினான்ல மேடம், இன்னும் இன்னா?”

மேடம் அசையவில்லை.

“பூ கட்டினேன்” என்றார் மணி.

“அப்புறம்?”

“கடைக்கார சார் வண்டில வந்தாரு. போன்ல பேசினாரு.”

“அப்புறம்?”

“சீட்ட தூக்கி போன உள்ள போட்டாரு.”

புகார் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்த கடைக்காரர் மெல்ல எழுந்து வாசலில் நின்ற தன் வண்டிக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் போன், முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னா நைனா, இதுக்கா இந்த அலப்பறை?” என்றார் ஏட்டு.

மேடம் இப்போது புனேவில் மகளோடு இருக்கிறார். சில வாரங்களாக அவரிடமிருந்து போன் இல்லை. நேற்று பூ வாங்கும்போது மனசு கேட்காமல் மணியிடம், “மேடம் நம்மள மறந்துட்டாங்கதானேண்ணே?” என்றேன். மேடம் காதில் விழுந்திருந்தால் தொலைந்தேன், பதிலையும் நானே உள்ளே வைத்துக் கேட்ட கேள்வி.

மணி அண்ணன் பூவைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இல்ல” என்றார்.