பாதுகாப்பாகக் குனிதல்

உலகில் தோன்றிய கலைகளிலெல்லாம் முதுகைப் பாதுகாப்பாக வளைக்கும் கலையே உயர்ந்தது என்பது தென்காசிப் பண்ணையார் பால்வண்ணநாதனின் தீர்க்கமான அபிப்பிராயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு சாரல் காலத்தில்தான் அவருக்கு இந்த ஞானம் பிறந்தது. குற்றாலத்துக்கு வரப்போகும் கலெக்டர் துரைக்கு யோகாசனத்தில் பித்து என்று அதற்குச் சற்று முன்னால்தான் யாரோ சொல்லியிருந்தார்கள்.

உடனே குற்றாலத்தில் ஒரு பங்களா பிடிக்கப்பட்டது. 'தேகாப்பியாச சபை' உதயமாயிற்று. தலைவர் பண்ணையார், அங்கத்தினர்கள் பண்ணையாரின் மைத்துனர்கள். செங்கோட்டையிலிருந்து தாணுமாலயன் என்ற ஆசன வாத்தியார் வரவழைக்கப்பட்டார். உட்கார்ந்து, காலை நீட்டிக் குனியும் பச்சிமோத்தானாசனத்தை அவர் விளக்கினார்.

“வெறும் வயித்துல செய்யணும். அடியில ஜமுக்காளத்தை மடிச்சுப் போட்டு உக்காரணும். முட்டியைக் கொஞ்சம் மடக்கிக்கிடலாம். முதுகு கூனாம, மூச்சை விட்டுக்கிட்டே இடுப்புலேருந்து குனியணும். எங்கன இழுக்குதோ அங்கன நின்னுரணும்.”

சபை இதை ஏகமனதாக நிறைவேற்றிவிட்டு இட்லி சாப்பிடப் போயிற்று.

பண்ணையாரின் விரல்கள் முழங்காலைத் தாண்ட மறுத்தன. நடுவில் தொந்தி என்ற 'தனி சமஸ்தானம்' இருந்தது.

துரை வரும் காலையில், மேலகரத்துக் குடியானவன் மாடன் வந்து நின்றான்.

“மொதலாளி, வாய்க்கால் கரை உடைஞ்சு, தண்ணி வராம நாத்தெல்லாம் கருகுது. தொரைகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“மொகத்துக்கு நேரா சொல்லுதேம்லே. இப்ப என் முதுகைப் பிடிச்சு அமுக்கு. தொரை வரும்போது என் நெத்தி முட்டியில இருக்கணும்.”

“மதி, மதி! போதும்! இதுக்கு மேல குனியக் கூடாது!” என்று வாத்தியார் பதறினார்.

“தலைவருக்கு ஏது வே சட்டம்? நீ அமுக்குலே!”

மாடன் அமுக்கினான். மண்வெட்டி பிடித்த கை. முறுக்கு உடைந்தாற்போல் முதுகில் ஒரு சத்தம். தூக்கி நிறுத்தினார்கள். கால் நிமிர்ந்தது, முதுகு நிமிரவில்லை. பண்ணையாரின் கண்களில் நீர் பொலபொலவென்று வடிந்தது. அதற்குள் வாசலில் மோட்டார் வந்து நின்றுவிட்டது.

ஜில்லா முழுவதும் கதர்க்காரர்கள் தம் முன் விறைத்து நிற்பதைக் கண்டு நொந்துபோயிருந்தவர் துரை. இங்கேயோ ஒரு கனவான் இரண்டாக மடிந்து, கண்ணீர் மல்க நின்றார். துரை நெகிழ்ந்துபோனார். “இவருக்கு ஏதாவது குறை உண்டா?” என்று துபாஷி மூலம் விசாரித்தார்.

மாடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். பண்ணையார் துரையின் முகத்தைத் தேடிப் பார்த்தார், பூட்ஸ்தான் தெரிந்தது. பளபளவென்று நல்ல பூட்ஸ்.

“ஒரு குறையும் இல்ல எஜமான். தங்களோட கடாட்சம் போதும்.”

புது வருஷத்தில் பட்டம் வந்தது: ராவ் சாகிப். மேலகரத்தில் நாற்று கருகிவிட்டது. மாடன் பிழைப்புத் தேடிப் பெண்டாட்டியோடு கொல்லத்துக்கு ரயிலேறிவிட்டான்.

தைலத்தில் முதுகு எப்போதோ குணமாகிவிட்டது. ஆனாலும் ராவ் சாகிப் வளைந்தே நடமாடினார். அவர் மனைவி ஆவுடைத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

“வலிதான் போயிட்டுல்லா? பட்டமும் வந்தாச்சு. இனியாவது நிமிந்து நடங்களேன்.”

ராவ் சாகிப் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்.

“மெதுவாப் பேசு, ஏட்டி! திடீர்னு நிமிருதது முதுகுக்கு ஆபத்து. அடுத்த பட்டம் ராவ் பகதூர் வேற பாக்கி இருக்குல்லா!”