திராட்சைத் தோட்டக் கொலையின் உரிமையாளர்

யாரோ ஒருவர் செத்து, கொன்றது யாரென்றும் தெரியாமல் போனால், அதில் மூன்றாவது மனிதர் பெருமைப்பட என்ன இருக்கிறது? உத்தமபாளையத்தில் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செல்லப்பாண்டியின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

கொலை நூலாசிரியர் என்றொரு இனம் உண்டு. உங்கள் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். இவர் கொலை செய்யமாட்டார். கொலைகாரனைக் கண்டுபிடிக்கவும் மாட்டார். எழுதுவார். எழுதி முடித்த அன்றிலிருந்து அந்தக் கொலை அவருடையது.

இருபது வருடங்களுக்கு முன் கம்பம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் விவசாயி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். ஆள் அகப்படவில்லை. வழக்குக் காகிதங்கள் செல்லப்பாண்டியின் மெஷினுக்குள் போய் வந்தபோது, கேட்டவர்களுக்குக் கொடுத்தது போக அவரிடமும் ஒரு நகல் தங்கிவிட்டது. அது புத்தகமானது. அட்டையில் சிவப்பு எழுத்தில் ‘இன்றுவரை விடை இல்லை’. அதன் பிறகு அவருடைய நடை மாறியது, கண்ணாடி மாறியது, இருமல்கூட நிதானப்பட்டது. டீக்கடையில் யாராவது வேறொரு கொலையைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் சுளிப்பார்: “அதுல ஆழமில்லப்பா. ரெண்டே நாள்ல பிடிச்சுட்டாக.” வீரபாண்டித் திருவிழாவுக்கு அவர் வைத்த ஃப்ளெக்ஸில் அம்மன் ஒரு மூலையில், புத்தகம் ஒரு மூலையில், நடுவில் கன்னத்தில் கைவைத்தபடி செல்லப்பாண்டி. செத்தவருக்கு இடம் போதவில்லை.

செத்தவரின் அக்கா சோணையம்மாள் வெளியீட்டு விழாவுக்கு வந்திருந்தார். கொன்றது யாரென்று கடைசிப் பக்கத்திலாவது போட்டிருக்கிறதா என்றுதான் கேட்டார். செல்லப்பாண்டி அவருடைய பிரதியில் ‘அன்புடன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து அந்த அம்மாள் கோர்ட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் கடைக்கு ஏறி வந்து அதே கேள்வியைக் கேட்டுப் போனார்.

இந்தப் பள்ளத்தாக்கில் கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டு வாசலை வருடக்கணக்கில் மிதிக்கமாட்டார்கள். புத்தகத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் என்றொரு அத்தியாயம் இருந்தது. ஊர் அதையும் பத்திரிகையாகவே வாசித்தது. பெயர் இருந்தவர்கள் சம்பந்தி வீட்டுக்கெல்லாம் பிரதி அனுப்பினார்கள். இல்லாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படி ஒருவர், செத்தவருக்குப் பக்கத்துத் தோட்டத்து மலைச்சாமி, ஒருநாள் புத்தகத்தோடு கடைக்கு வந்தார்.

“தங்கபாண்டிக்கு மூணு பக்கம் குடுத்திருக்கீக. எனக்கு ஒரு வரி இல்ல.”

“உங்களுக்கும் இதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

“தங்கபாண்டி அன்னிக்கு ஊர்லயே இல்லய்யா. எங்க முறைக்கு வந்த தண்ணியச் செத்தவரு தன் தோட்டத்துக்குத் திருப்பி விட்டுக்கிட்டாருன்னு, நாந்தான் மம்பட்டிக் கணையால அடிச்சுப் போட்டேன். செஞ்சது ஒருத்தன், பேரு இன்னொருத்தனுக்கா?”

செல்லப்பாண்டிக்கு உடம்பு வேர்த்தது. எதிரே கொலைகாரன் நிற்கிறான் என்பதால் என்றா நினைக்கிறீர்கள்? இரண்டாம் பதிப்பு அச்சகத்தில் இருந்தது. அட்டை ஏற்கெனவே அடித்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துச் சோணையம்மாள் படியேறி வந்தார். மலைச்சாமியைப் பார்த்து, நல்லாயிருக்கீகளா என்று விசாரித்துவிட்டுச் செல்லப்பாண்டியிடம் திரும்பினார்.

“ஏதும் தெரிஞ்சுச்சா தம்பி? நான் கண்ண மூடறதுக்குள்ள பேர மட்டுமாச்சும் சொல்லிருய்யா.”

மலைச்சாமி மேற்கூரையைப் பார்த்தார். மெஷின் ஒரு தாளைத் துப்பியது. செல்லப்பாண்டி அதை எடுத்து, சரிபார்த்து, மேசையில் தட்டி அடுக்கினார்.

“இன்னும் இல்லக்கா.”

இரண்டாம் பதிப்பு சொன்ன தேதியில் வந்தது. சந்தேகத்துக்குரியவர்கள் பட்டியலில் மாற்றமில்லை. நன்றியுரையில் மட்டும், பெற்ற தாய்க்கும் முன்னால், முதல் பெயராக மலைச்சாமியின் பெயர் இருந்தது. ஏன் என்று செல்லப்பாண்டி யாரிடமும் சொன்னதில்லை.

சே, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் கொன்றது யாரென்று தெரிந்துகொள்ள இவ்வளவு தூரம் வந்தீர்களே, செத்தவர் பெயரென்ன என்று ஒருமுறையாவது தோன்றியதா உங்களுக்கு?