படமில்லாத பாகவதர்

அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். குருண் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பழனியாண்டி இனி இல்லை. ஆர்மோனியச் சக்கரவர்த்தி பழனியாண்டி பாகவதர்! கெடா மாநிலமே கேட்டுக் கிறுகிறுக்க வேண்டும். பினாங்குப் பத்திரிகை ஒன்று புதுப் பாடகர்களை அறிமுகம் செய்கிறதாம். புகைப்படம், வாழ்க்கைக் குறிப்பு, நற்சான்று மூன்றையும் அனுப்பினால் போதும்.

வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதினேன். ஐந்து பக்கம். அடக்கம் கருதி ஒரு பக்கத்தைக் கிழித்தேன். நற்சான்று தோட்டத்து அலுவலகக் கிராணி சின்னையாவுடையது: "இவர் பாடும்போதெல்லாம் நான் வெளியூரில் இருந்திருக்கிறேன். நல்லவர்."

எல்லாவற்றையும் உறையில் போட்டு, டவுனுக்குப் புறப்பட்ட என் மனைவி ராக்காயியிடம் கொடுத்தேன்.

"என்னங்க இது?"

"என் புகழ்! பத்திரமா தபால்ல சேர்த்திடு."

"இவ்வளவு லேசா இருக்கே!"

சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினாள்.

"சேர்த்துட்டியா?"

"சேர்த்தாச்சு. ஆமா, படம் ஏது உங்களுக்கு?"

"சர்க்கார் புடிச்ச படம்லா! அடையாளக் கார்டுல சும்மாதானே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு? கஞ்சி ஆவியில காட்டினேன். பூ மாதிரி உரிஞ்சு வந்திருச்சு."

ராக்காயி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"அடப்பாவி மனுசா! அவசர காலம்யா இது! வேலி வாசல்ல கார்டு காட்டாம கொசுகூட வெளிய போக முடியாது. மூஞ்சி இல்லாத கார்டைக் காட்டினா, காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டு ஆளுன்னு சுட்டுப்புடுவான்!"

விடிந்தால் பால் வெட்ட அந்த வாசல் வழியாகத்தானே போக வேண்டும்!

"இப்ப என்னடி செய்யறது?"

"பத்திரிகைக்குக் கடுதாசி போட்டு படத்தைத் திருப்பிக் கேக்கறேன். வர்ற வரைக்கும் வெளிய தலை காட்டாதீங்க. ஆர்மோனியத்தைத் தொட்டீங்க, வாசல் போலீசு வந்து நிப்பான்!"

எனக்குப் பொன்னுக்குவீங்கி என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லிவிட்டாள். கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு கூட்டினேன். மாவாட்டினேன். பிள்ளைகளின் துணியெல்லாம் துவைத்தேன். வெளியே பூட்ஸ் சத்தம் கேட்டால் அம்மிக்குப் பின்னால் ஒளிந்தேன். என்னைவிட அம்மி சிறியது.

ஐந்தாம் நாள் ராக்காயி என் கார்டை நீட்டினாள். திடுக்கிட்டேன். படம் பழைய இடத்திலேயே இருந்தது! முத்திரைகூடப் பொருந்தியிருந்தது. நெற்றியில் மட்டும் கால் பெருவிரல் தடம்.

"பத்திரிகைக்காரன் திருப்பி அனுப்பிட்டானா?"

"அங்க போனாத்தானே திரும்பி வரும்? அன்னிக்கு காட்டு ஆளுங்களுக்கு அரிசி கடத்தறேனான்னு வாசல்ல உறையைப் பிரிச்சாங்க. படம் கீழ விழுந்துச்சு. பாதி முத்திரையைப் பாத்ததும் உயிரே போயிருச்சு. டக்குனு மிதிச்சு மறைச்சு எடுத்தாந்து, நான்தான் கஞ்சிப் பசையால ஒட்டினேன்."

"அப்ப பத்திரிகைக்கு?"

"மத்ததெல்லாம் போயிருச்சு. பாட்டு கேக்கறவனுக்கு மூஞ்சி எதுக்கு?"

"அஞ்சு நாளா நடுங்கிச் செத்தேனேடி! அன்னிக்கே சொன்னா என்ன?"

ராக்காயி கோடாலியை என் கையில் கொடுத்தாள்.

"இன்னும் ஒரு வாரம் கழிச்சுத்தான் சொல்றதா இருந்தேன். என்ன செய்ய, விறகு தீந்துபோச்சு. அது வேலிக்கு வெளியிலதானே கெடக்கு!"